வெளிச்சத்தைக் கண்டு நின்ற மினி பஸ்

"அது நகர்ந்ததா மேடம்… இல்ல, உங்க பஸ் நகர்ந்ததால அது நகர்ந்த மாதிரி தெரிஞ்சதா?"

போன மாதம் ஒரு விமானப்படை அதிகாரி என்னைக் கேட்ட கேள்வி இது. இடம், பூம்பாறையில் ஒரு சமுதாயக் கூடம். பிளாஸ்டிக் நாற்காலியில் நான். எதிரே நீலச் சீருடையில் அவர். ராணுவம் என்னை விசாரிக்கும் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. அதுவும் எதற்காக? வானத்தில் பறந்த, என்னவென்றே தெரியாத ஒரு பொருளுக்காக!

சிரிக்காதீர்கள். நான் பார்த்தேன். இரண்டு கண்ணாலும், கண்ணாடி போட்டுக்கொண்டு, முழுத் தெளிவோடு பார்த்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் குடியிருப்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். தை பிறந்த சமயம் மலைப்பூண்டு வாங்கலாம் என்று பூம்பாறைக்குப் போயிருந்தேன். வாங்கியதைவிடப் பேசியது அதிகம். சாயங்காலம் மினி பஸ்ஸில் கிளம்பினேன். பக்கத்து சீட்டில் கன்னியம்மா. சொந்தத் தோட்டத்தில் பூண்டு போடுகிற பெண்மணி. வடுகபட்டி சந்தைக்குப் போகும் லாரியில் ஏற்றிவிட, கொடைக்கானல் வரை மூட்டைகளோடு வந்துகொண்டிருந்தார். காலை நீட்ட இடமில்லை. பஸ் முழுக்கப் பூண்டு வாசனை.

ஓட்டியது செல்வராசு. எங்கள் தெருவின் கடைசி வீடு. பல வருடமாக இந்த மலைப்பாதையில் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் ரோட்டைத் தவிர எதையும் பார்க்க மாட்டார். அப்போது தைப்பூசத்துக்காக மாலை போட்டிருந்தார். பச்சை வேட்டி, நெற்றியில் திருநீறு, காலில் செருப்பு கிடையாது. அந்தக் குளிரில் வெறும் காலோடு பிரேக்கை மிதிப்பதைப் பார்த்தால் நமக்கு நடுங்கும்.

சூரியன் இறங்கி, வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகாத நேரம். பைன் மரங்களுக்கு நடுவே பனிமூட்டம் ரோட்டுக்கு வந்துவிட்டிருந்தது. ஒரு வளைவில் பஸ் மெதுவாகி… நின்றது.

முன்னால் ரோட்டுக்கு மேலே, மர உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரு வெளிச்சம். உருண்டையாக. வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். சத்தம் துளிகூட இல்லை. அதைச் சுற்றி இருந்த பனி மட்டும் பளபளவென்று எரிந்தது. ஹெட்லைட்டா? ஹெட்லைட் மரத்தில் ஏறுமா? தெருவிளக்கா? அந்தக் காட்டில் விளக்குக் கம்பமே கிடையாது.

"ஏலே செல்வராசு… என்னலே அது?" என்று கன்னியம்மா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தெரியலக்கா. யாரும் எறங்காதீங்க" என்று சொல்லிவிட்டு, செல்வராசு மட்டும் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டு இறங்கினார். ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். அந்த வெளிச்சம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, பள்ளத்தாக்குக்கு மேலே போய், சட்டென்று உயர்ந்து, மலைக்கு அந்தப் பக்கம் மறைந்தது.

கன்னியம்மா என் கையைப் பிடித்திருந்தார். நானும்தான் அவர் கையைப் பிடித்திருந்தேன்.

அப்போதுதான் பின்னால் ஒரு டூரிஸ்ட் கார் வந்து ஹார்ன் அடித்தது. காரில் இருந்தவர்கள் எதையும் பார்க்கவில்லை. நடுரோட்டில் நிற்கும் ஒரு பஸ்ஸையும், வெறும் காலோடு ஆகாயத்தைப் பார்த்து நிற்கும் ஒரு டிரைவரையும்தான் பார்த்தார்கள். செல்போன் எதற்கு இருக்கிறது? வீடியோ எடுத்தார்கள். மறுநாள் காலை காபி குடிப்பதற்குள் அது ஊரெல்லாம் சுற்றிவந்துவிட்டது. தலைப்பு என்ன தெரியுமா? 'ஃபுல் போதையில் பஸ்ஸை நிறுத்திய கொடைக்கானல் டிரைவர்.'

மாலை போட்ட மனிதர். ஒரு வேளைச் சாப்பாடோடு விரதம் இருப்பவர். அவரைப் போய்…

பஸ் முதலாளி வீடியோவைப் பார்த்தார். செல்வராசுவைக் கூப்பிட்டு சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். "என் வண்டிக்கு ஒரு பேரு இருக்குய்யா. நீ வீட்ல இரு" என்று சொல்லிவிட்டாராம். கன்னியம்மாவும் நானும் நேரில் போய் நடந்ததைச் சொன்னோம். "நீங்க பெரியவங்க, அவனுக்காகப் பரிஞ்சு பேசுறீங்க" என்றார். எங்களை நம்பவில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது!

வேலை போனதைக்கூட செல்வராசு தாங்கிக்கொண்டார். பழனிக்கு நடந்து போகும் பாதயாத்திரைக் குழு, "இந்த வருசம் நீ வர வேணாம்ப்பா, நாலு பேரு பேசுறாங்க" என்று சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவர் மனைவி சுமதி என்னிடம் வந்து சொன்னார்: "மாலையக் கழட்டி சாமி படத்துல போட்டுரட்டான்னு கேக்குறாருங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"கழற்ற வேண்டாம்னு சொல்லு" என்றேன். வேறு என்ன சொல்வது? நாங்கள் பார்த்தது உண்மை. ஆனால் அதைக் கேட்க ஆள் வேண்டுமே!

கேட்க ஆள் வந்தது. அதுவும் யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து.

அதே சாயங்காலம் பாச்சலூர்ப் பக்கத் தோட்டங்களிலும் சிலர் அந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார்கள். போலீசில் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தகவல் எங்கெங்கோ போய், கடைசியில் விமானப்படையின் காதை எட்டிவிட்டது. நம் வானத்தில் நமக்குத் தெரியாமல் எது பறந்தாலும் விசாரித்தாக வேண்டும். அது அவர்கள் வேலை. இப்படித்தான் ஒரு காலை நேரத்தில் இரண்டு ஜீப்புகள் பூம்பாறைக்கு வந்தன.

தலைமை அதிகாரி ஒரு பெண். திருநெல்வேலிக்காரர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. கூட ஒரு மீசைக்கார சார்ஜென்ட், கருவிகள் நிறைந்த பெட்டிகளோடு. பஸ்ஸில் வந்த எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும்.

என் முறை வந்தது. "பௌர்ணமி நிலா மர உச்சிக்கு இறங்கி வந்தது மாதிரி…" என்று ஆரம்பித்தேன்.

"எழுதுறவங்களா?" என்றார்.

"ஆமாம்."

"அப்ப உவமையெல்லாம் வெளிய வச்சிட்டு வாங்க மேடம். கையை நீட்டி, கட்டை விரலை நிமித்துங்க. அது உங்க நகத்தைவிடப் பெருசா, சின்னதா?"

இத்தனை வருடம் எழுதியதற்கு இப்படி ஒரு எடிட்டர் எனக்குக் கிடைத்ததே இல்லை. பெரியதா, எந்தப் பக்கம், மரத்துக்கு முன்னாலா பின்னாலா, நிழல் விழுந்ததா… கேள்விமேல் கேள்வி. எதையும் அவராக எடுத்துக் கொடுக்கவில்லை. நம்பினாரா, இல்லையா? முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒன்று, ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அந்த ஊரில் எங்களைப் பார்த்துச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான்.

கன்னியம்மா உள்ளே போனதும் அவர் குரல் வாசல் வரை கேட்டது. "எம்மா, அதப் பிடிச்சா என்னம்மா செய்வீக?"

"மொதல்ல லைசென்ஸ் கேப்போம்மா" என்று அதிகாரி சொன்னதும் கேட்டது.

"அது கெடக்கட்டும். அந்தச் செல்வராசு பய நல்லவன். விரதச் சோறு திங்கிறவன். அவன் சோலியப் புடுங்கிட்டாக. அத மொதல்ல எழுதுங்க!"

கடைசியாகப் போன செல்வராசு வெளியே வந்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது. "படம் வரையச் சொன்னாங்க மேடம். வெறும் வட்டம்தான் வந்துச்சு" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் அதிகாரி ஒரு முடிவு சொன்னார். அதே பஸ், அதே பயணிகள், அதே சீட்டுகள். அன்று கிளம்பிய அதே நேரத்துக்குக் கிளம்பி, அதே வளைவு வரை போய்ப் பார்க்க வேண்டும்.

பஸ்ஸோடு முதலாளியும் வந்தார். புது டிரைவரையும் கூட்டி வந்திருந்தார்.

"இவர் யாரு?" என்றார் அதிகாரி.

"டிரைவருங்க மேடம். பழைய ஆள எடுத்தாச்சு. அவன் அன்னிக்குக் குடிச்சிட்டு…"

"ஊதச் சொல்லிப் பார்த்தீங்களா?"

"இல்லைங்க… வீடியோல…"

"வீடியோல வாசனை வராது சார். அன்னைக்கு ஓட்டினவர்தான் இன்னைக்கும் ஓட்டணும். சாவியைக் குடுங்க."

முதலாளி நீட்டிய சாவியை செல்வராசு வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு உட்கார்ந்தார். இத்தனை பேர் கண் முன்னால், யூனிஃபார்ம் போட்டவர் பக்கத்தில் நின்று பார்க்க… தடுமாறிவிட்டால்? ஒரு கியர் தவறினால் போதுமே, 'பார்த்தீங்களா' என்று சொல்ல!

ஒரு குலுக்கல் இல்லை. அந்த மனிதர் பாலைத் தளும்பாமல் கொண்டுபோவது மாதிரி ஓட்டினார். (மன்னிக்கவும் மேடம், உவமை வந்துவிட்டது.) வளைவு வந்தது. அன்று நின்ற இடத்திலேயே நிறுத்தினார். சார்ஜென்ட் இறங்கி, நாங்கள் சொன்ன அடையாளங்களோடு அந்த இடத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

எல்லோரும் இறங்கினோம். கருவிகளை வைத்து அளந்தார்கள். மரத்தின் உயரம், வளைவின் கோணம், பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம், தூரத்தில் தெரிந்த ரிசார்ட் விளக்குகள். வெளிச்சம் போன திசையை ஒவ்வொருவராகக் கை காட்டச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் ஒரே பக்கம் நீண்டன.

பிறகு அதிகாரி செல்வராசுவிடம் வந்தார். எங்களுக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"ஏன் நிறுத்தினீங்க? லைட்டை டிம் பண்ணி, ஹார்ன் அடிச்சிட்டுப் போயிருக்கலாமே?"

செல்வராசு வளைவுப் பக்கம் கையைக் காட்டினார். "முன்னால இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியலைங்க. அது தெரியாம, இத்தன பேர உள்ள வச்சிக்கிட்டு எப்படிங்க போறது?"

அதிகாரி ரோட்டையும் பள்ளத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்.

"நான் விமானம் ஓட்டினவ சார். முன்னால என்ன இருக்குன்னு தெரியலைன்னா அதுக்குள்ள போகாதேன்னுதான் எங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்காங்க. இதைச் செய்யலைன்னாதான் எங்களை வீட்டுக்கு அனுப்புவாங்க. நீங்க செஞ்சவரை அனுப்பிட்டீங்க."

முதலாளி தலை குனிந்தார். கன்னியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பனி" என்றார். சரி, பனியாகவே இருக்கட்டும்.

மறுநாள் காலை ஜீப்புகள் கிளம்புவதற்கு முன் டீக்கடையில் அதிகாரியைப் பிடித்துக்கொண்டேன். "அது என்னதான் மேடம்?"

"முழு ரிப்போர்ட் மேலிடத்துக்குப் போகும். சொல்லக்கூடியதை மட்டும் சொல்றேன். விமானம் இல்ல, ஹெலிகாப்டர் இல்ல. சாட்டிலைட் மர உச்சிக்குக் கீழ வராது. ரிசார்ட் விளக்கு அந்தத் திசையிலேயே இல்ல. ட்ரோன்னா சத்தம் கேட்டிருக்கணும். நீங்க எல்லாரும் ஏதோ ஒண்ணைப் பார்த்தது உண்மை. அது என்னன்னு…" டீயை ஒரு வாய் குடித்தார். "எனக்குத் தெரியலை."

எவ்வளவு சுத்தமான ஒரு வார்த்தை!

அதற்குள் டிவியில் ஒருவர் அது வேற்றுக்கிரகவாசிகளின் வண்டி என்று அடித்துச் சொல்லிவிட்டார். இன்னொருவர் பக்கத்து நாட்டு உளவு என்றார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் அது சித்தர்களின் ஜோதி என்று படத்தோடு அனுப்பினார். யாரும் கொடைக்கானல் பக்கம்கூட வரவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். வந்து, அளந்து, வளைவில் நின்று பார்த்த ஒரே ஆளுக்குத்தான் தெரியவில்லை.

நம் ஊரில் 'தெரியலை' என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டியிருக்கிறது! அரசியல்வாதி சொல்ல மாட்டார், டாக்டர் சொல்ல மாட்டார், ஜோசியர் சொல்லவே மாட்டார். என் கணவர் மட்டும் விதிவிலக்கு. கேஸ் சிலிண்டர் எப்போது புக் செய்தோம் என்று கேட்டுப் பாருங்கள், கண் இமைப்பதற்குள் 'தெரியலை' என்பார். ஏர்ஃபோர்ஸில் எடுத்திருப்பார்கள்.

முதலாளி செல்வராசுவின் வீட்டுக்கே வந்து சாவியைக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் படியேறி வந்தார், அதுவே பெரிது. பாதயாத்திரைக் குழுவும் வந்து கூப்பிட்டது. "வெள்ளனே கெளம்பணும், ரெடியா இரு" என்று எதுவும் நடக்காத மாதிரி சொல்லிவிட்டுப் போனார்கள். செல்வராசு பழனிக்கு நடந்து போய், மொட்டையடித்துத் திரும்பி வந்தார்.

வந்து பார்த்தால் பஸ் கண்ணாடியில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்: 'ஏலியன் எக்ஸ்பிரஸ்'! டூரிஸ்டுகள் இந்த பஸ்தான் வேண்டும் என்று வரிசையில் நின்றால் முதலாளி சும்மா இருப்பாரா? செல்வராசு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். முதலாளியும் மறுபடி ஒட்டவில்லை.

போன வாரம் அந்த பஸ்ஸில் பூம்பாறைக்குப் போனேன். முன் சீட்டில் மதுரையிலிருந்து வந்த கல்லூரிப் பெண்கள். அதில் ஒருத்தி எட்டிப் பார்த்துக் கேட்டாள், "அண்ணே, அது திரும்ப வருமா?"

செல்வராசு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வந்தா நிறுத்துவேன்மா."

நான் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.