மலர்கொடியின் இடது புருவம்

மலர்கொடிக்கு ஒன்றைப் பார்த்தால் மட்டும் போதாது. அது எப்படி அப்படி ஆயிற்று என்று தெரிய வேண்டும். கல்யாணமாகி, குன்னத்துக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஊருக்கு வந்த புதிதில், மாவு மில்லில் பெல்ட் ஏன் கழன்று விழுவதில்லை என்று கேட்டு மில்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். புருஷன் வீரமுத்து பெரம்பலூர் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன். “இவ கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லணும்னா நான் படிச்சிருக்கணும்” என்பான்.

இருபத்தெட்டாவது வயதில் அவளுக்குப் புருவங்கள் உதிர்ந்தன. முதலில் வெளி ஓரம், பிறகு நடு, கடைசியில் மூக்குப் பக்கம். இரண்டும் ஒரே மாதிரி உதிர்ந்ததுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. புருவம் போனால் என்ன வியாதி என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சைக்கிளில் வரும் தொழுநோய் இன்ஸ்பெக்டர் அமிர்தலிங்கம் அவள் காது மடலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார்.

“அதுல என்ன சார் தெரியும்?”

“பூச்சி தெரியும்மா.”

“எத்தன காலு அதுக்கு?”

அமிர்தலிங்கத்தை இந்தக் கேள்வி யாரும் கேட்டதில்லை. “காலு இல்லாத பூச்சி. குச்சி மாதிரி இருக்கும்” என்றார்.

ஐந்து வருஷம் வெள்ளை மாத்திரை சாப்பிட்டாள். மாமியார் ஆண்டாயி அவளுக்குத் தனித் தட்டும் தனிச் செம்பும் வைத்தாள். ஆனால் வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஆறாம் வருஷம் கண்ணாடித் துண்டில் பூச்சி இல்லை என்று அமிர்தலிங்கம் காகிதம் எழுதிக் கொடுத்தார். மலர்கொடி அதை மடித்து எடுத்துக்கொண்டு பெரியசாமியின் வெங்காயக் காட்டுக்கு வேலைக்குப் போனாள். ஊரிலேயே அதிகம் வெங்காயம் போடுகிறவர் அவர்தான். அவர் காகிதத்தை வாங்கவில்லை. அவளுடைய கண்ணுக்கு மேலே பார்த்தார்.

“வர்ற வருசம் பாப்பம் புள்ள” என்றார்.

அமிர்தலிங்கம்தான் அந்தச் சேதியைச் சொன்னார். வேலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மூக்கு விழுந்தவர்களுக்கு மூக்கு வைக்கிறார்கள், புருவம் போனவர்களுக்குப் புருவம் வைக்கிறார்கள், செலவு இல்லை, பஸ் டிக்கெட் மட்டும்தான்.

“எங்கேருந்து எடுத்து வைப்பாங்க?” என்றாள் மலர்கொடி.

“போனாத்தானே தெரியும்.”

அந்தப் பதிலுக்காகவே அவள் போனாள் என்று வீரமுத்து பிற்பாடு சொல்வதுண்டு. எழுபத்தேழாம் வருஷம் வைகாசி மாதம். முகமும் காதுக்குப் பின்புறமும் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள், நினைவு இருந்தது. டாக்டரம்மா இரண்டு காதுக்கும் பின்னால் தலைமுடியோடு தோலை நீளவாக்கில் கீறி எடுத்தார். பச்சை மிளகாய் நீளத்துக்கு இரண்டு துண்டுகள், ஈரத்துணியில் கிடந்தன. தலையைத் திருப்பி அதைப் பார்க்க முயன்றபோது நர்ஸ் அதட்டினாள். டாக்டரம்மா அதட்டவில்லை, துணியைத் தூக்கிக் காட்டினார்.

“இதத்தான் அங்க வச்சுத் தைக்கப் போறேன்.”

“மொளகா நாத்தப் புடுங்கி நடுற மாதிரி.”

“அதேதான். நட்ட நாத்து முதல்ல வாடும். மூணு வாரத்துல முடியெல்லாம் கொட்டும். பயப்படாதே. வேர் உள்ள இருக்கும்.”

“எத்தன நாள்ல துளுக்கும்?”

“மூணு மாசம். பேசாதே, புருவம் ஆடுது.”

ஊருக்கு வந்த பத்தாம் நாள் பொருக்கு உதிர்ந்தது. பொருக்கோடு முடியும் வந்தது. டாக்டரம்மா சொன்னதை மலர்கொடி மாமியாரிடம் சொன்னாள். ஆண்டாயி நம்பவில்லை. பொருக்கில் ஒட்டியிருந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மஞ்சள் துணியில் நாலணாவை முடிந்து, செல்லியம்மன் இருக்கிற திசையைப் பார்த்து நின்றாள்.

“ஆத்தா, இவளுக்குப் புருவம் மொளைச்சிடுச்சுன்னா, இவ தலையில வளந்த முடி அத்தனையும் ஒனக்குத்தான். ஒரு மயிரு மிச்சம் வைக்க மாட்டம்.”

தனித் தட்டு வைத்தவளும் அவள்தான். இதைச் சொன்னவளும் அவள்தான்.

ஆவணி முடிவதற்குள் முளைத்தது. முதலில் கரித்தூள் தூவியதுபோல, பிறகு முள்ளாக, பிறகு முடியாக. வலது படிந்து வந்தது. இடது கொஞ்சம் மேல்நோக்கி வந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டு நாள்தோறும் படிய நீவி விட்டாள். வந்தது நிற்கவில்லை என்பதுதான் விசேஷம். மற்றவர்களின் புருவம் ஓர் அளவுக்கு வந்து நின்றுவிடும். இது தலைமுடி, வளர்ந்துகொண்டே இருந்தது. பெரம்பலூர் சந்தையில் சின்னக் கத்திரிக்கோல் வாங்கி வெள்ளிக்கிழமைதோறும் கத்தரித்தாள். ஐப்பசி மழையில் இரண்டு வாரம் விட்டுப் பார்த்தாள், எதுவரை போகும் என்று தெரிந்துகொள்ள. கூரை ஓலை மாதிரி கண்ணில் இறங்கியது. வீரமுத்து பார்த்துவிட்டு, “சடை பின்னிடலாம் போலருக்கே” என்றான்.

தையில் வெங்காயம் பிடுங்கினார்கள். பெரியசாமி அவள் கண்ணுக்கு மேலே பார்த்தார். இந்த முறை, “போய் உக்காரு” என்றார்.

வெங்காயத்தின் தாளை அரிகிற பெண்கள் வரிசையாக உட்கார்வார்கள். மலர்கொடி கடைசியில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அடுத்தவளுக்கும் நடுவே ஒரு சாக்கு விரிக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அடுத்தவள் பாப்பாயி. மூன்று நாள் வாயை அடக்கிக்கொண்டிருந்த பாப்பாயியால் நாலாம் நாள் முடியவில்லை.

“ஏண்டி மலரு, அது ஒட்டு முடியா?”

“ஒட்டு முடியா? என் முடிதான். இங்கேருந்து எடுத்தது.” காதுக்குப் பின்னால் கொண்டையை விலக்கித் தழும்பைக் காட்டினாள். எப்படிக் கீறினார்கள், எப்படித் தைத்தார்கள், எப்படி வாரத்துக்கு வாரம் வளர்கிறது என்பதெல்லாம் சொன்னாள். வரிசை முழுக்க அரிவாளை நிறுத்திவிட்டுக் கேட்டது. இத்தனை பேர் தன் பேச்சைக் கேட்டு ஆறு வருஷம் ஆகிவிட்டதால் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை.

அங்கேதான் தப்புப் பண்ணினாள். அன்று சாயந்திரம் பாப்பாயி கிணற்றடியில் ஆண்டாயியிடம் கேட்டாள்:

“தை வெள்ளிக்கு மருமவளுக்கு மொட்டைன்னு சொன்னீங்களே. அந்தப் புருவமும் தலைமுடிதானாமே. அப்ப அதுவும் ஆத்தாளுக்குச் சேந்ததுதான?”

ஆண்டாயி குடத்தை இறக்கி வைத்துவிட்டாள்.

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மலர்கொடிக்கு மொட்டையைப் பற்றிக் கவலை இல்லை. புருவம் வேறு. அதை வழித்துக்கொண்டு காட்டுக்குப் போனால் பெரியசாமி மறுபடியும் வர்ற வருசம் என்பார்.

“அத்தே, முடிதான் தலையிலேருந்து வந்துச்சு. இப்ப மூஞ்சியில இருக்கு. மூஞ்சிய நீங்க வேண்டிக்கலையே.”

“வேண்டிக்கிட்டப்பத் தலையில வளந்ததுன்னேன். அது தலையில வளந்ததுதான? நாளைக்கு வூட்ல ஆருக்காச்சும் காய்ச்சல் வந்தா ஊரு என்ன சொல்லும்? ஆத்தாளுக்குக் குடுக்காம மிச்சம் வச்சா, அதான்னு சொல்லும்.”

மலர்கொடி வீரமுத்துவைப் பார்த்தாள். “அது அவ மூஞ்சி” என்றான் அவன். அத்தோடு எழுந்து போய்விட்டான்.

தை கடைசி வெள்ளி. செல்லியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் கண்ணையன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கோயிலுக்கு முடி எடுப்பது அவன் குடும்பம். புருவ விவகாரம் ஏற்கனவே அவன் காதுக்கு வந்திருந்தது. தலையை மட்டும் வழித்தான். கூந்தல் சாக்கில் விழுந்தது. காதுக்குப் பின்னால் வந்ததும் கை நின்றது. இரண்டு பக்கமும் முடியே இல்லாத வழுவழுப்பான இரண்டு கோடுகள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் கோட்டை அளந்தான். அந்த அளவை அப்படியே கொண்டுவந்து புருவத்தின் மேல் வைத்தான். சரியாக இருந்தது.

“இங்க காலி, அங்க இருக்கு” என்றான்.

ஆண்டாயி, “பாத்தியா” என்றாள்.

மொட்டைத் தலையில் அந்தப் புருவங்கள், வழிக்கும்போது விட்டுப்போன இரண்டு துண்டு முடிபோலவே இருந்தன. கண்ணையனின் கண் அதைவிட்டுப் போகவில்லை. தொழில்காரன் கண்.

“எடுத்தா மறுபடி வருமாண்ணே?” என்று கேட்டாள் மலர்கொடி.

கண்ணையன் கட்டைவிரலால் நீவிப் பார்த்தான். “முடி சாதாரண முடிதான் தங்கச்சி. தலையில வர்றப்ப இதுவும் வரணும். ஆனா தச்ச எடம். தச்ச எடத்துல இதுவரைக்கும் நான் கத்தி வச்சதில்ல. வரும்னும் சொல்ல மாட்டேன், வராதுன்னும் சொல்ல மாட்டேன்.”

டாக்டரம்மா கத்தரிக்கச் சொன்னார், பிடுங்காதே என்றார். வழிப்பதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, மலர்கொடியும் கேட்கவில்லை. எத்தனையோ கேட்டவள் அதைக் கேட்காமல் வந்திருக்கிறாள்.

இரண்டு புருவத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

“ஒண்ண மட்டும் எடுங்க.”

“என்னது?”

“இடது. அதுதான் ஏறுக்குமாறா நிக்கிது. போனாலும் போவட்டும். அது வந்துச்சுன்னா வலதும் குடுக்குறேன். அதுவரைக்கும் ஆத்தாகிட்ட வாய்தா.”

“சாமிகிட்ட வாய்தாவா?” என்றாள் ஆண்டாயி.

“கோர்ட்டுல குடுக்குறாங்கல்ல.”

கண்ணையனுக்குச் சிரிப்பு வந்தது. ஆண்டாயியைப் பார்த்தான். அவள் கர்ப்பக்கிரகத்தைப் பார்த்தாள். செல்லியம்மன் பக்கமிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை. கண்ணையன் தண்ணீர் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடது புருவத்தை இரண்டே இழுப்பில் எடுத்தான்.

சனிக்கிழமை அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனாள். பெரியசாமி பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். ஒரு பக்கத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியும், இன்னொரு பக்கத்துக்கும் தெரியும். இரண்டும் ஒரே முகத்தில் வந்தால் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

“என்ன புள்ள இது?”

“இது ஆத்தாளுக்கு, இது எனக்கு. பாதி வேல குடுத்தாலும் சரிங்க.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு, “போ, போய் உக்காரு” என்றார்.

அவள் கடைசியில் உட்கார்ந்தாள். சாக்கு இடைவெளி அப்படியே இருந்தது. ஆனால் வரிசை முழுக்க வேலையைவிட அந்த வெறும் இடத்தைத்தான் பார்த்தது. “இன்னிக்கு வந்துச்சா?” என்று காலையில் முதல் பேச்சாகக் கேட்டார்கள். வரும் என்று சிலர் சொன்னார்கள், வராது என்று பாப்பாயி சொன்னாள். மலர்கொடி தாளை அரிந்துகொண்டே இருந்தாள். வீட்டில் யாரும் பார்க்காதபோது ஒரு விரல் மொட்டைத் தலையிலும் ஒரு விரல் புருவத்திலும் வைத்துத் தடவுவாள். மூன்றாம் நாள் தலை சொரசொரத்தது. புருவம் வழுவழுப்பாக இருந்தது. ஐந்தாம் நாளும் வழுவழுப்புத்தான். அன்று அவள் ஒன்றையும் யாரிடமும் கேட்கவில்லை. ராத்திரி ஆண்டாயி தன் தட்டிலிருந்து ஒரு துண்டு கருவாட்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

ஒன்பதாம் நாள் உச்சி வெயிலில் பாப்பாயி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

“ஏண்டி, கருப்பா என்னமோ தெரியுதே. மண்ணா?”

“தெரியலையே. கண்ணாடி எங்க இருக்கு இங்க.”

பாப்பாயி அரிவாளை வைத்துவிட்டுச் சாக்கைத் தாண்டி வந்து குந்தினாள். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலை மலர்கொடியின் புருவத்தில் வைத்து அழுத்தினாள். பிறகு இன்னொரு கையால் அவள் துண்டை விலக்கி மொட்டைத் தலையைத் தடவினாள். இரண்டு கையும் அப்படியே இருக்கக் கொஞ்சம் யோசித்தாள்.

“ரெண்டும் ஒரே மாதிரி குத்துதுடி” என்றாள்.

“எங்க, நானும் பாக்குறேன்” என்று செல்வம்மாள் எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். வெங்காய வாடை அடிக்கும் விரல்கள் ஒவ்வொன்றாக அவள் நெற்றிக்கு வந்தன. மலர்கொடிக்குக் கண்ணில் நீர் முட்டியது. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார்கள். பெரியசாமி வரப்பிலிருந்து சத்தம் போட்ட பிறகும் அவர்கள் நகரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தனியாகக் கோயிலுக்குப் போனாள். வேப்பமரத்தடியில் கண்ணையன் முன்னால் உட்கார்ந்து வலது பக்கத்தைக் காட்டினாள்.

“எடுங்கண்ணே.”

அவன் தண்ணீர் தொட்டான்.

“ஏண்ணே, இடது ரெண்டு வாரம் முந்தி. வலது இப்பத்தான். ரெண்டும் ஒண்ணா சேர எத்தன நாள் ஆவும்? இல்ல, அது எப்பவும் முந்தியேதான் போய்க்கிட்டிருக்குமா?”

“பேசாம இரு தங்கச்சி” என்றான் கண்ணையன். “புருவம் ஆடுது.”