மான்குர்த்தில் ஒரு கை தூரம்

போன டிசம்பரில் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டார் செம்பூரில் இருக்கும் பஞ்சாபிகள். மாப்பிள்ளை குதிரையில் வர வேண்டும் என்றார்கள், தம்பி சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டான். சிக்கல் எனக்குத்தான். குதிரைக்கு ஊறவைத்த கடலைப்பருப்பு ஊட்ட வேண்டியது மாப்பிள்ளையின் சகோதரியாம். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு தோழியின் கல்யாண ஊர்வலத்தில் ஒரு குதிரை என்னைத் தோளால் இடித்து, நின்றிருந்த காரோடு வைத்து நசுக்கியிருக்கிறது. மணிக்கட்டில் கட்டோடு இரண்டு வாரம் ஆபீஸ் போனேன். அன்றிலிருந்து குதிரை என்றால் சாலையின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

ஆபீஸில் கூட வேலை செய்யும் தாராவிக்காரப் பெண்தான் வழி சொன்னாள். அவளுக்குத் தெரிந்த ஸ்டெல்லா என்ற அக்கா மான்குர்த்தில் நான்கு கல்யாணக் குதிரைகள் வைத்திருக்கிறார். ஞாயிறு காலைகளில் அவற்றைப் பழக்குவார். கேட்டால் நம்மையும் கூட நிறுத்திக்கொள்வார். ஒரு குதிரையின் பக்கத்தில் எப்படி நிற்பது என்று தெரிந்துகொண்டால் போதும் என்று கிளம்பினேன்.

மாட்டுங்காவில் 6.12 ஸ்லோ ரயில். குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் மாற வேண்டும். மொத்த டிக்கெட் பத்து ரூபாய். மான்குர்த்தில் இறங்கும்போது மணி 6.50. நல்ல புகைமூட்டம், பிளாட்பாரத்தின் மறுமுனை தெரியவில்லை. கொட்டகை இரண்டரைக் கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் கொடுத்தேன். ஆட்டோக்காரர் கழிமுகச் சதுப்பு ஆரம்பிக்கும் இடத்திலேயே நிறுத்திவிட்டார். "கேட்டுக்குள்ள வரமாட்டேன் மேடம், நடந்து போயிடுங்க" என்றார் இந்தியில். ஏன் என்று கேட்டதற்கு வண்டியைத் திருப்புவதில் மும்முரமாகிவிட்டார்.

தகரக் கூரை போட்ட கொட்டகை, முன்னால் களிமண் முற்றம், முற்றத்தின் வலது ஓரம் கூரையைத் தாங்கும் ஓர் இரும்புத் தூண். அந்தத் தூணைச் சுற்றி மட்டும் சிமென்ட் தரை. சதுப்புப் பக்கமிருந்து ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. வெள்ளைக் குதிரை ஒன்று புகைமூட்டத்திலிருந்து வெளியே வந்தது. ஈர மண்ணில் குளம்புச் சத்தமே கேட்காததால், அது மிதந்து வருவதுபோல இருந்தது.

"பயப்படாதீய, இவ மோதி" என்றார் ஸ்டெல்லா. நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான பெண்மணி. தாராவியிலேயே பிறந்தவர், பேச்சு மட்டும் இன்னும் திருநெல்வேலி. "கைய நீட்டுங்க. அந்த நீளம் ஒங்க எடம். நீங்க கூப்பிடாம அதுக்குள்ள அவ வரப்பிடாது."

பாடம் எளிமையானது. மோதி அந்த எல்லைக்குள் வந்தால் உள்ளங்கையைக் காட்டி, அதன் மார்பை நோக்கி ஓரடி எடுத்து வைத்து, "பீச்சே", அதாவது இந்தியில் பின்னால், என்று சொல்ல வேண்டும். அது ஓரடி பின்னால் போனதும் அந்த நொடியே கையை இறக்கிவிட வேண்டும். அடி கிடையாது, கத்தல் கிடையாது. பின்னால் போனால் தொந்தரவு நின்றுவிடும் என்று அதற்குப் புரிந்தால் போதும். லோக்கல் ரயிலில் நான்கு பேர் முழங்கை விலாவில் குத்த ஆபீஸ் போகிறவள் நான். எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்பதை ஒரு குதிரைக்குச் சொல்ல முதலில் கூச்சமாக இருந்தது. நான்காவது முறை மோதி எனக்காகப் பின்வாங்கியபோது, ஏனோ கண் கலங்கியது.

"கொஞ்சுதான்னு தலைய ஒங்க மேல தேய்க்க மட்டும் விட்டுராதீய" என்றார். "இன்னைக்குத் தேய்க்கும், நாளைக்குத் தள்ளும். மிரண்டுச்சுன்னா மேலேயே ஏறும்."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி நடந்தோம். ஒவ்வொரு சுற்றிலும் மோதி இரும்புத் தூணை நெருங்கும்போது, ஒரு கை தூரம் ஒதுங்கி வளைந்து போனது. அங்கே யாரோ நிற்பதுபோல. நன்றாகப் பழக்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டெல்லாவும் அதே தூரம் ஒதுங்கித்தான் நடந்தார் என்பது பிறகுதான் உறைத்தது.

எட்டரை மணிக்குப் புல் ஏற்றிய டெம்போ வந்தது. ஸ்டெல்லா மோதியின் கயிற்றை அவிழ்த்து முற்றத்தில் விட்டார். "கேட்டுக்கு வெளிய வந்து நில்லுங்க. தூண் பக்கம் போவாதீய" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். நான் பின்னாலேயே போயிருக்க வேண்டும். ஷூவில் அரைக் கிலோ களிமண் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டுப் போகலாம் என்று, கண்ணில் பட்ட ஒரே காய்ந்த தரையான அந்த சிமென்ட்டில் ஏறி, தூணுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி கட்டட இடிபாடுகளைக் கொட்டியது. தகரக் கூரை அதிர்ந்தது. மோதி துள்ளித் திரும்பி நேராக என்னை நோக்கி ஓடி வந்தது.

சொல்லிக்கொடுத்த எதுவும் ஞாபகம் வரவில்லை. இரண்டு கையும் ஸ்வெட்டர் பைக்குள் இருந்தன, போனை இறுக்கிப் பிடித்திருந்தேன். வாய் திறக்கவில்லை. மோதி சட்டென்று நின்றது. ஒரு கை தூரத்தில் அல்ல, அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில். ஒரு காது என் பக்கம் திரும்பியிருந்தது. இன்னொரு காது எனக்கு வலது பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தை நோக்கி இருந்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கிக்கொண்டு, நிதானமாக மூன்றடி பின்னால் போனது. யாராவது உள்ளங்கையைக் காட்டினால் எப்படிப் போகுமோ அப்படி.

என் வலது தோள் மட்டும் சில்லிட்டிருந்தது. பனி என்றே வைத்துக்கொள்வோம்.

ஸ்டெல்லா கேட்டிலிருந்து ஓடி வந்தார். "கைய தூக்குனீயளா?"

"இல்ல."

"பீச்சேன்னு சொன்னீயளா?"

"எதுவுமே சொல்லலை."

அவர் புல்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். மூச்சு அடங்கிய பிறகு சொன்னார். மோதியை வளர்த்தது அவருடைய அண்ணன் சேவியர். அண்ணன் சட்டைப்பையிலிருந்து வெல்லத்தை அதுவே எடுத்துத் தின்னும், அவர் நெஞ்சில் தலையை வைத்துத் தள்ளும், அவர் சிரிப்பார். மழைக்காலத்தில் ஒருநாள் காற்றில் தகரம் பிய்த்துக்கொண்டு போனது. மிரண்ட மோதி, பயந்தால் எப்போதும் போகிற இடத்துக்கே போனது. அவர் நெஞ்சுக்கு. முதுகுக்குப் பின்னால் அந்தத் தூண் இருந்தது. விலா எலும்பு நுரையீரலில் இறங்கி, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

"ஆளக் கொன்ன குதிரைய வித்துருன்னு எல்லாரும் சொன்னாங்க. அது கொல்லல. அவன்கிட்ட போச்சு, அம்புட்டுதான். அதான் மொதல்லருந்து பழக்குதேன். ஆனா அந்தத் தூண்கிட்ட ஒருநாளும் பழக்குனதில்ல. அங்கன போக எனக்குக் காலு வரல." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்: "எந்தப் பக்கம் பாத்துச்சு?"

வலது பக்கத்தைக் காட்டினேன்.

ஸ்டெல்லா எழுந்தார். சிமென்ட் தரையில் ஏறித் தூணின் முன்னால் நின்றார். மோதி மெதுவாக வந்து, அதே இரண்டு மடங்கு தூரத்தில் நின்றது. ஒரு காது அவர் மேல், இன்னொன்று பக்கத்தில். அவர் பக்கவாட்டில் பார்க்கவில்லை. அரை அடி மட்டும் நகர்ந்து, வலது பக்கம் இடம் விட்டு நின்றார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"சரி" என்றார் கடைசியில். "ஒங்க தம்பி கல்யாணத்துக்கு இவளே வரட்டும். இவள வெளிய கூட்டிட்டுப் போவமா வேண்டாமான்னு நெனச்சிட்டு இருந்தேன்."

ஜனவரியில் செம்பூரில் கல்யாணம் நடந்தது. பேண்டு, வெடி, டான்ஸ் ஆடும் மாமாக்கள், அத்தனைக்கும் நடுவில் மோதி யார் மேலும் உரசாமல் நின்றது. நான் தட்டில் வைத்துப் பருப்பு ஊட்டினேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு ஏழு மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் குதிரைகளுக்குப் பொறுமை இருக்காது. பழைய ஷூ, பருத்தித் துணி. சென்ட் வேண்டாம். தீனியைக் கையில் வைத்து நீட்டாதீர்கள், வாளியில் போடுங்கள். குதிரைக்கும் சுவருக்கும் நடுவில் எக்காரணம் கொண்டும் நிற்காதீர்கள். திரும்பும்போது ஆட்டோ கிடைக்காது, ஸ்டேஷன்வரை முக்கால் மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும்.

தூணை ஸ்டெல்லாவே காட்டுவார். இப்போது அங்கேயும் பழக்குகிறார். உங்களை அங்கே நிற்கச் சொன்னால் தூணுக்கு இடது பக்கமாக நில்லுங்கள். வலது பக்கம் ஆள் இருக்கிறது.