மீதி மாத்திரை

சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் கிளிஞ்சல் என் காலைக் கிழித்ததை என்னால் மறக்கவே முடியாது. எனக்குச் சர்க்கரை நோய் வேறு. எங்கள் தெரு மருந்துக்கடைக்காரருக்கோ எல்லாக் கிருமியும் ஒன்றுதான். "இன்னா சார், புண்ணா? இத்தப் போடு, ஓடிப்பூடும்" என்று அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை கொடுத்தார். கிருமி ஓடவில்லை, கட்டைவிரல்தான் கறுத்தது.

செங்கல்பட்டில் மருத்துவமனைக்குப் போனேன். சீழை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள்.

"ஏழு மருந்து வெச்சுப் பார்த்தோம் ஐயா. ஆறுக்கு அசையல. ஆளாளுக்குக் கண்டபடி மாத்திரை போட்டுக் கிருமியைப் பழக்கிட்டோம். இது ஒண்ணுதான் கேக்குது. பாதியில நிறுத்தினா விரலை எடுக்கணும்" என்றார் மருத்துவர்.

புண் ஆறி வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி, பட்டம் இரண்டு.

"வீக்கம் வத்திடிச்சே சார்! மாத்திர மீதி எத்தினி கீது? எனக்குத் தொண்டை கட்டிகினு கீது, ரெண்டு குடேன்."

ஐந்து இருந்தன. ஒன்றை அவர் கண்ணெதிரே விழுங்கினேன்.

"மாத்திரைக்குக்கூடவா கஞ்சம்?" என்று எழுந்துபோனார். நேராக மருந்துக்கடைக்குத்தான் போயிருப்பார்.

கஞ்சன் என்ற பெயர் தெருவில் நிலைத்துவிட்டது. செருப்பு மாட்டும்போது விரல்களை எண்ணிக்கொள்கிறேன், பத்தும் இருக்கின்றன. ஆனால் பக்கத்து வீட்டில் யாராவது இருமினால், அந்தக் கிருமி இதுவரை எத்தனை மருந்தை வென்றிருக்குமோ என்றும் எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.