ஆடாத பல்லு என்ன பாவம் செஞ்சுச்சு?

பல் டொக்டரிடம் வேலை செய்யும் எனக்கே ஒரு தெத்துப்பல் இருக்கிறது. மேல்வரிசையில் இடது பக்கம், பக்கத்துப் பல்லின் மேல் ஏறி நிற்கும். கொடகவெல டவுனில் நான் வேலை செய்யும் க்ளினிக்குக்கு வருகிறவர்கள், தங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் வாயைத்தான் பார்ப்பார்கள்.

"ஏன் மிஸ், நீங்க இதக் கம்பி போட்டு உள்ள தள்ளிக்கலையா?"

"அது யாரையும் கடிக்கல. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

டொக்டரே ஒரு தடவை சரிசெய்து தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த மூலையில் துலக்குவது கொஞ்சம் சிரமம். சிரமப்பட்டுத் துலக்கிக்கொள்கிறேன். என் முகத்தில் எதை மாற்ற வேண்டும் என்று நான்தான் முடிவெடுப்பேன்.

நான் பிறந்தது டவுனுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். சாமான்களைக் கழுவிக் கிருமி போக ஆவியில் அவிப்பது, டொக்டர் கேட்பதை எடுத்துக் கொடுப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது எல்லாம் என் வேலை. அதோடு தமிழ் பேசுவதும் என் வேலைதான். டொக்டர் சிங்களவர். பகலில் அரசாங்க ஆஸ்பத்திரி, சாயங்காலம் இங்கே. "வாயத் தொறங்க", "வலிக்குதா" என்ற இரண்டையும் தவிர அவருக்குத் தமிழ் வராது. எங்கள் ஆட்களும் இங்கே நன்றாகச் சிங்களம் பேசுவார்கள். ஆனாலும் வாய்க்குள் கொறடு போகப்போகிறது என்றால் யாருக்கும் சொந்தப் பாஷையில்தான் கேள்வி வரும்.

அதனால் கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும். க்ளினிக்கில் மட்டுமில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது கேட்பார்கள். கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து இலைக்காரி உதட்டை விலக்கிக் காட்டுவாள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் தெரியாமல் போய்விடுமா? போகாது. க்ளீன் பண்ணினால் பல் ஆட்டம் காணுமா? காணாது. அழுக்கை அப்படியே விட்டால்தான் ஆடும். உப்பும் கரியும் போட்டுத் தேய்த்தால் வெள்ளையாகுமா? பல்லின் மேல்தோல்தான் தேயும். பல் வலிக்கு ஈறில் பெனடோல் மாத்திரை வைக்கலாமா? வைக்காதீர்கள், வெந்துபோகும், விழுங்குங்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி பல் காட்டலாமா? கட்டாயம் காட்டலாம், ஆனால் மாசத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இத்தனைக்கும் பதில் சொல்லி எனக்கு அலுப்பு வந்ததில்லை. வந்ததெல்லாம் கோபம்தான், அதுவும் வேறு ஒரு விசயத்துக்கு.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு பையன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். கொழும்பில் ஒரு கடையில் வேலை. இஸ்திரி போட்ட சட்டை, சுத்தமான சிங்களம். அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர் என்பது விரல் நுனிக் கறுப்பைப் பார்த்தாலே தெரிந்தது. பல் பார்க்கும் கதிரையில் சாய்ந்து படுத்ததும் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டொக்டர் என்ன பிரச்சினை என்று கேட்டார். பையன்தான் சிங்களத்தில் பதில் சொன்னான்.

"எல்லாப் பல்லையும் கழட்டிட்டு வெள்ளையா ஒரு செட் போட்டுருங்க டொக்டர். எனக்குக் கல்யாணம் வருது. பொண்ணு வீட்டுக்காரங்க கொழும்பு ஆளுங்க. போட்டோல இந்த வாயோட நிக்க ஏலாது."

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். டொக்டர் கன்னத்தோரம் பஞ்சை வைத்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். நானும் லைட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வெற்றிலைக் கறை செங்கல் நிறத்தில் அப்பியிருந்தது. பல்லின் அடியெல்லாம் கல் பிடித்து ஈறு வீங்கியிருந்தது. கடைவாயில் இரண்டு பல் நன்றாக ஆடின. முன் பல் ஒன்றில் ஓரம் உடைந்திருந்தது. மற்றதெல்லாம் அசையவில்லை.

டொக்டர் மோசமான மனுசர் இல்லை. இரண்டைத்தான் எடுக்க வேண்டும், மற்றதைச் சுத்தம் செய்து காப்பாற்றலாம், ஆனால் பல தடவை வர வேண்டியிருக்கும் என்று சொன்னார். பையன் அதெல்லாம் முடியாது, கழட்டிவிடுங்கள் என்றான். டொக்டர் கையுறையைச் சரிசெய்துகொண்டே, "அதுவும் சரிதான். தோட்டத்து ஆட்கள் ரெண்டாவது தடவை வர மாட்டாங்க. பாதியில விட்டுருவாங்க" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நானும் தோட்டத்து ஆள்தான் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

"டொக்டர், இன்னும் அம்மாகிட்ட யாருமே கேக்கல" என்று சிங்களத்தில் சொன்னேன். என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

பையன் திரும்பினான். "அதுக்கு என்ன கேக்குறது மிஸ்? அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்றேன்ல."

"ஒங்க வாய் இல்லங்க. அவங்க வாய்."

நான் அம்மாவிடம் குனிந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். வாயிலிருந்த பஞ்சை எடுத்தார்.

"நீங்க சொல்லத் தேவையில்ல புள்ள. எல்லாம் வெளங்கிச்சு" என்றவர், டொக்டரைப் பார்த்து, "மகே கட, மகே தத்" என்றார். என் வாய், என் பல்லு. பிறகு மகன் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்தார். "ஆடுற பல்லப் புடுங்கட்டும். ஆடாத பல்லு என்னடா பாவம் செஞ்சுச்சு?"

"அம்மா, நீ சும்மா இரு. போட்டோல வாயத் தொறந்தா என்னாவும்னு நெனச்சியா?"

"அப்ப போட்டோவுக்கு வேற அம்மாவக் கூட்டிக்கிட்டு போ."

சொல்லிவிட்டு இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பையன் எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு என்னை மட்டும் முறைத்துவிட்டு ஓடினான்.

கதவு சாத்தியதும் டொக்டர், "நங்கி, இங்க டொக்டர் நீயா நானா?" என்று கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி.

"நீங்கதான் டொக்டர். ஆனா நானும் தோட்டத்து ஆள்தான். ரெண்டாவது தடவை மட்டுமில்ல, தெனமும் வாறேன்."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். அவர் கையுறையைக் கழற்றிப் போட்டார். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

அடுத்த வாரம் அந்த அம்மா தனியாக பஸ் ஏறி வந்தார். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, தலையில் ஈரம் காயாமல் வந்திருந்தார். கதிரையில் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் கேட்டார். "செட்டுப் பல்லு போட்டா எலும்பு கடிக்கலாமா?"

"சொந்தப் பல்லு மாதிரி கடிக்க ஏலாதும்மா. போகப்போக ஈறு சுருங்கும், செட்டும் லூசாகும். திரும்பச் செய்யணும்."

"அப்ப அது எதுக்கு எனக்கு?"

அன்றைக்கு ஆடுகிற இரண்டையும் எடுத்தார்கள். புண் ஆறியதும் க்ளீன் பண்ண ஆரம்பித்தார் டொக்டர். மெஷின் சத்தத்துக்கு அம்மாவின் கால் விரல்கள் மடங்கின. நிறைய இரத்தம் வந்தது. பாதியில் கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்ததும் அலறிவிட்டார்.

"ஐயோ! பல்லு நடுவுல எல்லாம் ஓட்ட விழுந்திருச்சே! டொக்டர் பல்ல அராவிட்டாரா?"

"இல்லம்மா. அந்த எடத்துல கல்லு இருந்துச்சு. இவ்வளவு காலமும் கல்லப் பல்லுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தீங்க. ஈறு வீக்கம் வத்தினா இறுகிரும்."

நம்பவில்லை. போகும்போது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார். லயத்திலும் பெண்கள் பயமுறுத்தியிருக்கிறார்கள். "பீலிக் குழாய்த் தண்ணி பட்டாலே கூசுதா? அப்ப எல்லாம் கொட்டப்போகுது" என்று ஒருத்தி. "புருசன் இல்லாத பொம்பளைக்கு எதுக்குப் பல்லு அழகு?" என்று இன்னொருத்தி. இதை எல்லாம் அடுத்த தடவை வந்தபோது அவரே சொன்னார். வராமல் இருந்துவிடுவார் என்று நான் பயந்திருந்தேன். வந்தார். அந்தக் கூச்சமும் கொஞ்ச நாளில் குறைந்தது.

"அவளுக்கு என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"புருசன் இருந்தப்ப மட்டும் என் பல்ல அவரா வச்சுக்கிட்டு இருந்தாருன்னு கேட்டேன்."

டொக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். மாஸ்க்குக்குள் சிரித்தார்.

உடைந்த முன் பல்லைப் பல் நிற மருந்து வைத்துக் கட்டினார்கள். நிறத்தைப் பொருத்திப் பார்த்தபோது அம்மா, "டீவில வாற மாதிரி வெள்ளயா ஆக்க முடியாதா?" என்று கேட்டார். முன் பல்லை எல்லாம் சீவி உறை மாதிரி ஒட்டலாம், ஆனால் சீவியது சீவியதுதான், திரும்ப முளைக்காது என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன். வெளுக்கிற மருந்தும் இருக்கிறது, ஈறு நன்றாக ஆறட்டும், பிறகு யோசிக்கலாம் என்றும் சொன்னார். அம்மா கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தார். கறை போன பிறகு பல் இளமஞ்சளாக இருந்தது. "வேணாம். கல்யாணம் ஆகி வந்தப்ப இந்தக் கலர்தான் இருந்துச்சு" என்றார்.

வெற்றிலை விசயத்தில் மட்டும் சண்டை. மழையில் அட்டைக்கடியோடு மலையில் நிற்கும்போது அதுதான் துணை என்றார். பொயிலையை விட்டுவிடுகிறேன், பாக்கு மட்டும் போடட்டுமா என்று கேட்டார். பாக்கும் கன்னத்துக்குள்ளே கெடுக்கும், புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்று டொக்டர் சொன்னார். அதை நான் ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். பொயிலையை விட்டார். பாக்கை முழுசாக விட்டாரா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. வரும்போது வாய் மணக்கவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணம் இரத்தினபுரியில் ஒரு ஹோலில் நடந்தது. அம்மாவே பத்திரிகை கொண்டுவந்து கொடுத்ததால் போனேன். பையன் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நான் கும்பிட்டேன், அவனும் கும்பிட்டான். அம்மா ஊதாப் பட்டில் நின்று, வருகிறவர்களை எல்லாம் பல் தெரிய வரவேற்றார். போட்டோ எல்லாம் எடுத்து முடிந்த பிறகு என்னைப் பந்தியில் தேடிப்பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து காதோடு குறைப்பட்டுக்கொண்டார்.

"இம்புட்டுப் பாடுபட்டேன் புள்ள. பொண்ணு வீட்டுக்காரங்க ஒருத்தங்களும் என் பல்லப் பாக்கவே இல்ல. எல்லாரும் பொண்ணு நகையத்தான் பாக்குறாங்க."

"நீங்க அவங்களுக்காகவா செஞ்சீங்க?"

"இல்லதான்" என்றார். "ஆனா பாத்திருக்கலாம்ல."

பிறகு கோழிக்கறியில் ஒரு எலும்பை எடுத்து நன்றாகக் கடித்தார்.

அந்தத் தோட்டத்திலிருந்து இப்போது பெண்கள் வருகிறார்கள். இரண்டாவது தடவையும் வருகிறார்கள், மூன்றாவது தடவையும் வருகிறார்கள். கூட வரும் புருசனையும் மகனையும் நான் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்கிறேன். கதிரையில் இருக்கிறவர் கூப்பிட்டால் மட்டும்தான் உள்ளே. சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும். டொக்டர் இதைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் நான் மாற்றப்போவதில்லை.