கச்சினா பொம்மைகளுக்குத் தூசி தட்டிய மாதம்

பொம்மைக்குத் தூசி தட்டுவதும் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். அழுகிற பிள்ளையைக் கிறெஷ் என்கிற காப்பகத்தில் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிப்போய் வேலைக் கதவைத் தட்டுகிற உங்களுக்கு அது விளங்கும்.

பாரிஸில், லா சப்பலில் எங்கள் ஆட்களின் கடைகள் முடிகிற மூலையில் ஒரு பிரெஞ்சு மதாமின் கடை. அமெரிக்காவில் அரிசோனாப் பக்கம் இருக்கிற ஹோப்பி சனங்கள் மரவேரில் செதுக்கும் கச்சினா பொம்மைகள் மட்டும்தான் அங்கே விற்பனை. அந்தக் கட்டடத்தில் படி துடைக்கிற செல்வி அக்காதான் என்னைக் கொண்டுபோய் விட்டார். முதல் மாதம் பழகிப் பார்ப்பது. அதன் பிறகு நிரந்தரக் கொந்த்ரா, அதாவது வேலை ஒப்பந்தம், கிடைத்தால்தான் என் விசா அட்டையைப் புதுப்பிக்கலாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் பிரெஞ்சு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும்.

கை கால் இல்லாதது

முதல் நாள், கொம்பும் அலகும் உருண்டைக் கண்ணுமாக எல்லாப் பொம்மையும் என்னையே பார்த்தன. தண்ணீர் பட்டால் நிறம் போய்விடும், தூரிகையால் மட்டும் தட்டு என்று மதாம் செய்து காட்டினா. தட்டிக்கொண்டே போனால், சுவரில் தட்டைப் பலகைபோல ஒன்று தொங்குகிறது. கையும் இல்லை, காலும் இல்லை. முதல் நாளே உடைத்தவள் என்ற பெயரா! படிக்கு ஓடி, துடைப்பத்தோடு நின்ற செல்வி அக்காவை மொழிபெயர்க்க இழுத்துக்கொண்டு வந்தேன்.

மதாம் சிரித்தா. பிறந்த பெண் குழந்தைக்கு முதன்முதலில் கொடுப்பது அப்படித்தான் இருக்குமாம். பிள்ளை வளர வளர, கொடுக்கிற பொம்மைக்கும் கை கால் வருமாம். என் மகளுக்கு அப்போது பதினொரு மாதம். அந்தப் பலகையைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. செல்வி அக்கா விலைத்துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பயப்பிடாதை பிள்ளை. உடைஞ்சதெண்டா உவ இவ்வளவு விலை போடுவாவே?"

கற்பூரம் கேட்டவர்

ஒரு மத்தியானம் மதாம் வெளியே போயிருந்தா. றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவுகிற அண்ணை ஒருவர் வந்து, வரிசையாக நின்ற பொம்மைகளைப் பார்த்துக் கற்பூரம் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இதெல்லாம் என்ன சாமி?"

சாமி இல்லை அண்ணை என்று தொடங்கினேன். மழை கொண்டுவருகிற ஆவிகளின் உருவம் இவை. குளிர்காலத்தில் ஊருக்கு வந்து சனத்தோடு இருந்துவிட்டு, யூலையில் மலைக்குத் திரும்பிவிடுவார்களாம். மஞ்சள் வடக்கு, நீலம் மேற்கு, சிவப்பு தெற்கு, வெள்ளை கிழக்கு. செல்வி அக்கா வழியாக மதாமிடம் கேட்டதெல்லாம் சொல்லி முடித்தபோதுதான் எனக்கே தெரிந்தது, முன்பின் தெரியாத ஒருவரோடு இவ்வளவு நேரம் கதைத்திருக்கிறேன் என்று. அவர் குறுக்கே ஒரு சொல்லும் பேசாமல் கேட்டார். அதற்காகவே அவரை மறக்க மாட்டேன். போகும்போது சொன்னார்: "ஆறு மாசம் வேலை, ஆறு மாசம் வீட்டிலை! தங்கச்சி, உப்பிடி லீவு குடுக்கிற பத்துறோனை எனக்கும் காட்டிவிடுங்கோ."

வெள்ளை இறகு

மாதம் முடிய இரண்டு நாள். இறகு அடைத்த என் குளிர்க்கோட்டு தையல் விட்டு எங்கும் இறகு கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பொம்மையின் தலையில் சின்ன வெள்ளை இறகு. அட, இங்கேயும் கொட்டிவிட்டேனே என்று பிடுங்கித் தூசி உறிஞ்சியில் விட்டேன். பிறகுதான் தலையில் மிச்சமிருந்த நூலைப் பார்த்தேன். கட்டி வைத்த இறகு! படிக்கு ஓடிப்போய்ச் செல்வி அக்காவிடம் சொன்னேன். அடுத்த நாள் அதைச் செதுக்கியவரே அமெரிக்காவிலிருந்து கடைக்கு வருகிறார்.

"வாயைத் திறவாதை. ஆர் கண்டது?" என்றார் செல்வி அக்கா. தூசிப் பையைக் கடதாசியில் கொட்டிக் கிளறினேன். நான்கு இறகு கிடைத்தன. எது பொம்மையினுடையது, எது கோட்டினுடையது என்று யாருக்குத் தெரியும்?

செதுக்குகிறவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். பெருவிரலில் கத்தி பிடித்த காய்ப்பு. அவர் அலுமாரிப் பக்கம் திரும்ப முன்னமே பொம்மையையும் நான்கு இறகையும் மேசையில் வைத்து, "முவா" என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். நான் என்பதற்கு எனக்குத் தெரிந்த சொல் அதுதான். மதாமின் முகம் சிவந்தது.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை மதாம் பிரெஞ்சில் சொல்ல, படியிலிருந்து வந்து நின்ற செல்வி அக்கா தமிழில் சொன்னார். இறகு என்றால் அவர்களுக்குப் பிரார்த்தனை மாதிரியாம். ஆனால் விற்கிற பொம்மைக்குக் கழுகு இறகு வைக்கச் சட்டம் விடாதாம். இது கோழி இறகுதானாம். தன் தகரப்பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து, என்னைப் பொம்மையைப் பிடிக்கச் சொல்லி, நூலால் கட்டினார். பொம்மை என் கையில் ஒருபக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. முடிகிற வரைக்கும் பொறுமையாக இருந்தார். கைபேசியில் தன் மகளைக் காட்டினார். நானும் என்னுடையவளைக் காட்டினேன்.

மதாம் பொம்மையைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டு ஏதோ சொன்னா. செல்வி அக்கா என்னைப் பார்க்காமலே மொழிபெயர்த்தார்: "இந்தக் கடையிலை எத்தினையோ சாமான் பழுதாப் போச்சாம், 'நான்தான்' எண்டு வந்து நிண்டது நீ ஒருத்திதானாம். திங்கக்கிழமை கொந்த்ரா எழுதலாமாம். இஞ்சை பார், வாயைத் திறவாதையெண்டு சொன்னது நானெண்டு உவவுக்குச் சொல்லிப்போடாதை."

அட்டை புதுப்பித்தாயிற்று, எல்லாருக்கும் நன்றி சொல்லியாயிற்று. இனி வாங்க வேண்டியது இறகு கொட்டாத ஒரு கோட்டுத்தான்.