இறால் குளத்தின் நடத்துநர்

நான் சொல்லப்போகும் கதையை நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை. இது சத்தியம்.

செவ்வாய்க்கிழமை காலை, தேக்கா கோப்பிக்கடையில் நான் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, நம் கோவில் பங்கின் தேவசகாயம் எதிரில் வந்து நின்றார். "ஆரோக்கியசாமி அண்ணன் போயிட்டாரு லா, சூசை. தூக்கத்துலேயே." அந்த நொடியில் சிராங்கூன் ரோட்டில் ஓடிய பேருந்துகள் அத்தனையும் நின்றன. சந்தைக் கோழிகள் தலை கவிழ்ந்தன.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணன் பேருந்து நடத்துநர். நடத்துநரே வேண்டாத பேருந்துகள் வந்து வேலை போன பின்னும் நடத்துநராகவே வாழ்ந்தவர். மனைவி மக்கள் இல்லை. கோவில் பூசையில் நன்மை அப்பம் வாங்க நிற்கும் வரிசையிடம்கூட, "முன்னே போங்க, நடுவுல இடம் இருக்கு" என்பார். நாற்பது பேர் ஏறும் வண்டியில் நானூறு பேரை ஏற்றி, ஒரு யானைக்கும் அவர் இடம் பிடித்துக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

எழுபதுகளின் கடைசி. ஊரெங்கும் மரம் நட்டுக்கொண்டிருந்தார்கள். கிராஞ்சிப் பக்கம் கைவிடப்பட்ட இறால் குளம் ஒன்று வெறும் சேறாகக் கிடப்பது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்த கையோடு எங்களைத் திரட்டினார். இருபதினாயிரம் பேர் கொண்ட பெரும்படை. எண்ணிப் பார்த்தவர்கள் பதினொரு பேர் என்பார்கள். சேறு என் செருப்பை விழுங்கி ஜோகூரில் துப்பியது. குளம் முழுக்க, உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரக் கன்றுகளை வரிசை பிசகாமல் நட்டு, படமும் எடுத்துக்கொண்டோம்.

கன்றுகள் இடுப்புயரம் வளர்ந்த ஆண்டு, வடக்கேயிருந்து வழக்கமாக வரும் உள்ளான் பறவைகள் வந்தன. குளத்தின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றின. இறங்காமல் போய்விட்டன. இரை கொத்தவும், எதிரி வருவது கண்ணில் படவும், அந்தக் குருவிகளுக்கு வேண்டியிருந்தது நாங்கள் வீண் என்று நினைத்த அதே வெறும் சேறுதான்.

அண்ணன் வரப்பிலிருந்து அவை போன திசைக்குக் கை காட்டினார். "சைபீரியாலேர்ந்து வந்திருக்குங்கடா. நாம சீட்டெல்லாம் மரத்துக்குக் குடுத்துட்டோம்."

அடுத்த ஞாயிறு, கரையோர மரங்களை விட்டுவிட்டு நடுச்சேற்றுக் கன்றுகளை மட்டும் பிடுங்கத் தொடங்கினார்.

"நட்டவரே பிடுங்குறாரு! மூளை கலங்கிருச்சா அண்ணே?" என்று கோவில் வாசலில் தேவசகாயம் சீண்டினார்.

"தப்பான வண்டில ஏத்தினவன் நான். நான்தானே இறக்கிவிடணும்?"

படத்துக்கு நின்றவர்கள் பிடுங்க வரவில்லை. மரம் நட்டேன் என்றால் வீட்டில் பெருமை. பிடுங்கினேன் என்றால் சிரிப்பு. பெரும்படை அவரும் நானுமாகச் சுருங்கியது. பிடுங்கிய இடத்திலெல்லாம், மதகு வழியே ஏறிவரும் கடலலை புது விதைகளைக் கொண்டுவந்து ஊன்றியது. ஒரு பக்கம் பிடுங்கி முடிப்பதற்குள் மறுபக்கம் முளைத்தது; ஓர் ஆண்டு விட்டால் மறுபடி காடு. உள்ளான்களும் ஆண்டுதோறும் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின.

கொஞ்ச காலத்தில் நானும் நழுவிவிட்டேன். ஆனாலும் அண்ணன் ஞாயிறுதோறும் என் தையற்கடை வாசலில் வந்து நிற்பார். "டேய் சூசை, ஏறுறியா? வண்டி கிளம்புது."

"அடுத்த வண்டில வர்றேன் அண்ணே."

தீபாவளித் துணி, கல்யாணத் துணி, முட்டிவலி. சாக்குக்காக என் மாமியாரை மட்டும் மூன்று முறை சாகடித்திருக்கிறேன். மூன்று முறையும் அவர் துக்கம் விசாரித்தார். "சரிடா, உனக்கு இடம் போட்டு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பாராங் கத்தியும் ரொட்டிப் பொட்டலமுமாகத் தனியே பேருந்து ஏறுவார்.

சுவா சூ காங் கல்லறையில் அண்ணனின் அடக்கம் முடிந்ததும், அதே கறுப்புக் கால்சட்டையோடு குளத்துக்குப் போனேன். வரப்பு நெடுக ஒரே ஆளின் காலடிகள். நடுச்சேறு துடைத்த பலகையாய்க் கிடந்தது. ஒரு மூலையில் மட்டும் பத்துப் பன்னிரண்டு கன்றுகள். பக்கத்தில் ஒரு குச்சி. குச்சியில் என் கடை வெட்டுத்துணி ஒன்று கட்டியிருந்தது.

எனக்குப் போட்டுவைத்த இடம்.

பிடுங்கி முடித்து நிமிர்ந்தேன். இலட்சம் உள்ளான்கள் வானத்தை மறைத்துக்கொண்டு, அண்ணனின் பெயரைச் சொல்லிக் கூவியபடி வந்தன.

போய் வாருங்கள், அண்ணே. இனி ஞாயிறு வண்டியை நான் தவறவிடமாட்டேன்.

படிப்பவர்களே, யானையை விட்டுவிடுங்கள். இலட்சத்தையும் விட்டுவிடுங்கள். ஓர் உள்ளான் வந்தது. இரண்டு சுற்றுச் சுற்றியது. நடுவில் இறங்கியது. அது மட்டும் உண்மை.