அப்பா கோபப்படாத படம் ஒன்று வேண்டும்

போன வாரம் முழுக்கக் கிறிஸ்துமஸ் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். பனி, சிவப்பு ஸ்வெட்டர், கட்டிப்பிடி, கண்ணீர். ஜாலிக்காக இல்லை... பயத்தில்!

விஷயம் இதுதான். சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் கயலுக்கு ஆல்வின் என்று ஒரு பையனைப் பிடித்திருக்கிறது. இங்கே எங்கள் ஊரிலேயே, கோரிப்பாளையத்துப் பக்கம் வீடு. கிறிஸ்தவக் குடும்பம். இதை அவள் சொன்ன நாளிலிருந்து என் கணவர் அவளிடம் பேசுவதில்லை. திட்டவில்லை, கத்தவில்லை. அதுதான் பயமே! திட்டினால் சமாதானம் செய்யலாம். வாயே திறக்காதவரை என்ன செய்வது?

அவள் லீவுக்கு வந்த பிறகும் அதே கதைதான். "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்பார் என்னிடம். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

இந்த லட்சணத்தில் ஆல்வினின் அம்மா ஸ்டெல்லாவிடமிருந்து போன். "கிறிஸ்துமஸ் அன்னைக்குச் சாயங்காலம் நானும் தம்பி ஆல்வினும் பலகாரம் குடுக்க வாரோம்க்கா. சும்மாதான்..."

சும்மாவா? கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டுக்கு, பையனைப் பெற்றவர் சும்மா வருவாரா?

கணவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வரட்டும்" என்றார்.  வரவேற்கவா, விரட்டவா?

வருகிறவர்களோடு என்ன பேசுவது? எங்கள் ஆனையூரில் ரோடு தோண்டிப் போட்டிருப்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசலாம். அப்புறம்? அப்போதுதான் அந்த யோசனை வந்தது. டிவியில் ஒரு படத்தைப் போட்டுவிட்டால்? எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்ளலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் நாளில் கிறிஸ்துமஸ் படம் என்றால் வந்தவர்களுக்கு மரியாதையாகவும் இருக்கும்.

தேட ஆரம்பித்தேன். 'மனதைத் தொடும் குடும்பப் படம்' என்றுதான் எல்லாவற்றிலும் போட்டிருக்கிறான். ஆனால் எந்தக் குடும்பத்துக்கு? முத்தக் காட்சி வந்தால் என் கணவர் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். ஆல்வினின் அப்பா உயிரோடு இல்லை... அதனால் படத்தில் யாரும் சாகக் கூடாது. முக்கியமாக, மகளோடு பேசாத அப்பா இருக்கவே கூடாது.

நம்புவீர்களா? எதைத் திறந்தாலும் அப்படி ஓர் அப்பா உட்கார்ந்திருக்கிறார்! வீட்டைச் சுற்றி விளக்கு, உள்ளே ஆளுக்கு ஒரு மூலை. அமெரிக்காவாக இருந்தால் என்ன, ஆனையூராக இருந்தால் என்ன?

கடைசியில் தொலைந்துபோன ஒரு நாயைக் குடும்பமே தேடுகிற படம் சிக்கியது. பாதி வரை பார்த்தேன். நாய், குழந்தைகள், கேக். வம்பே இல்லை. மீதியைப் பார்க்க நேரமில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

ஸ்டெல்லா எவர்சில்வர் தூக்கு நிறைய முறுக்கும் கேக்குமாக வந்தார். வாசலிலேயே என் கணவரைப் பார்த்து, "வணக்கம்ணே" என்றார். அவரும் கும்பிட்டார். கொடுத்த தண்ணீரை ஆல்வின் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்கலாமா என்று கயலைப் பார்த்தான். நான் அவசரமாகப் படத்தைப் போட்டேன்.

பாதி வரை நிம்மதி. அப்புறம் அந்த வீட்டு மூத்த பெண், தான் கட்டிக்கொள்ளப்போகிறவனோடு வந்து நிற்கிறாள். அப்பா கதவைத் திறக்கிறார். "இந்த வீட்டுக்குள்ளே இவன் வரக் கூடாது" என்று கத்துகிறார்.

 ஓட்டிவிடலாம் என்று ரிமோட்டில் எதையோ அமுக்கினேன். படம் அப்படியே நின்றுவிட்டது. டிவி முழுக்க அந்த மனிதரின் கோப முகம்! மறுபடி அமுக்குகிறேன்... நகரவில்லை. 

ஸ்டெல்லாதான் முதலில் பேசினார். "அண்ணே, தப்பா நினைக்காதீக. நான் இம்புட்டு நேரம் படமே பாக்கல. நீங்க எப்ப எந்திரிச்சுப் போவீகளோன்னு உங்களையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

கணவர் டிவியைப் பார்த்தார். "இந்தாளு கடைசில சேத்துக்குவாராம்மா?"

"கிறிஸ்துமஸ் படம்ணே... சேக்காம விட்ருவாங்களா?"

"படத்துல ரெண்டு மணி நேரத்துல மனசு மாறிருது. எனக்கு அம்புட்டு வேகமா வரல. கொஞ்சம் டைம் வேணும்."

"எனக்கு மட்டும் வந்துருச்சாக்கும்?" என்றார் ஸ்டெல்லா.  "காலைல சர்ச்சுல எங்க நாத்தனார் என் மூஞ்சியவே பாக்கல. இவங்க அப்பா இருந்தா என்ன சொல்லிருப்பாரோன்னு யோசிச்சுக்கிட்டேதான் ஆட்டோல வந்தேன். திரும்பிப் போயிரலாமான்னு பாதி வழில கேட்டேன், தம்பிட்ட."

ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டான்.

பாருங்கள்... இவ்வளவு நாளும், பயப்படுவது எங்கள் வீடு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோரிப்பாளையத்திலும் ஒருத்தி தூங்காமல்தான் கிடந்திருக்கிறாள்.

என் கணவர் மெல்லத் திரும்பினார். "கயலு... அந்த டிவிய அமத்துடா."

எத்தனையோ மாதம் கழித்து அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை! ரிமோட் என் கையில்தான் இருந்தது. ஆனாலும் நான் அசையவில்லை. அவள் எழுந்து போய், சுவிட்சை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

அதற்குப் பிறகு அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. என் கணவர் ஆல்வினிடம் வேலையைப் பற்றி ரெண்டு கேள்வி கேட்டார். கேக்கைப் பாதி சாப்பிட்டார். "புது வருசத்துக்கு நம்ம வீட்டுல சாப்பாடு. எல்லாரும் வரணும்" என்று கிளம்பும்போது ஸ்டெல்லா கூப்பிட்டார். இவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டல் மேலும் கீழுமா, பக்கவாட்டிலா? எனக்கும் கயலுக்கும் ராத்திரி வரை அதே விவாதம்.

மறுநாள் காலை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறேன். பின்னால் இவர் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்: "புது வருசத்துக்கு அங்க போனா, கையில என்னத்தக் கொண்டுக்கிட்டுப் போறது?"

அந்தப் 'போனா'வில் என் தோசை கருகிப்போனது!